வேம்புலியம்மாள் ஷட்டரை இறக்கினார்

அம்பத்தூர் எஸ்டேட்டில் குளிர்காயும் அடுப்பு செய்கிற பட்டறை ஒன்று இருக்கிறது என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். புரட்டாசி மாதத்திலும் முதுகோடு சட்டை ஒட்டிக்கொள்கிற ஊர் இது. ஆனாலும் இருக்கிறது. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கும் லாரி எடைமேடைக்கும் நடுவில், எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு கொட்டகை. அங்கே செய்கிற கேஸ் அடுப்புகள் கோத்தகிரி, ஊட்டி, கொடைக்கானல் என்று மலையேறிப் போய் யாருடைய அறையையோ சூடாக்குகின்றன. செய்கிறவர்களில் ஒருவர்கூட ஸ்வெட்டர் போட்டதில்லை.

இரண்டு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஆகஸ்டில் நான் பட்டாபிராமுக்குத் திரும்பினேன். பத்து நாளுக்கு மேல் வீட்டில் உட்கார முடியவில்லை. பட்டறை முதலாளி ரவிச்சந்திரன் அப்பாவுக்குத் தெரிந்தவர். அடுப்போடு பெட்டிக்குள் வைக்கும் கையேட்டைப் புதிதாக எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்து வேலை என்று போனேன். போன இடத்தில் வேம்புலியம்மாள் இருந்தார்.

வேம்புலியம்மாள் பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில், வாழ்க்கைப்பட்டது கோவில்பதாகையில். ஐம்பத்தோரு வயது வரை அவர் ரயிலில் போன அதிகபட்ச தூரம் திருத்தணி. கணவர் ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலையில் முதல் சவாரியில் டிரைவர் பக்கத்து ஓர சீட்டு எப்போதும் இவருக்குத்தான். “பொண்டாட்டிய உக்கார வெச்சி ஒரு டிக்கெட்ட உட்டுடறான் பாரு” என்று மற்ற ஆட்டோக்காரர்கள் கேலி செய்வார்கள். “உன் பொண்டாட்டி வந்து உக்காருவாளான்னு கேட்டுப் பாரு மாமே” என்று அவர் பதில் சொல்வார்.

இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பு பட்டறையைக் கூட்டிப் பெருக்கவும் பெட்டி கட்டவும் வந்தவர் வேம்புலியம்மாள். ஒரு தடவை டிரில்லிங் மிஷின்காரர் சொல்லாமல் நின்றுவிட்டார். நாற்பது பர்னர் தலைகள் துளையிடாமல் கிடந்தன. கூட்டிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, “நான் போடட்டா சார்? இத்தினி நாளா பாத்துகினுதான கீறேன்” என்று கேட்டார். ரவிச்சந்திரனுக்கு அன்றைக்கு வேறு வழியில்லை. மாலையில் நாற்பதையும் பற்றவைத்துப் பார்த்தார்கள். பழைய ஆள் போட்டதைவிட நேராக எரிந்தன. அந்த மிஷின் அன்றிலிருந்து வேம்புலியம்மாளுடையது.

பர்னர் தலை என்பது சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் சிறிய வார்ப்பிரும்பு வட்டம். அதில் தொண்ணூற்றாறு துளைகள். ஒரு துளை சாய்ந்தால் ஒரு சுடர் சாயும், சாய்ந்த சுடர் பக்கத்துச் சுடரோடு சேர்ந்து மஞ்சளாகும். வேம்புலியம்மாள் முதலில் அதைக் காதால் கேட்பார். “இது தொண்டையக் கனைக்குது” என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பார். எடுத்துப் பார்த்தால் துளைக்குள் எங்கோ பிசிறு இருக்கும். கடைசிச் சோதனைக்கு அவரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. எரிகிற சுடருக்கு மேலே அதன் அடிப்பக்கத்தைக் காட்டுவார். கரி பிடிக்காவிட்டால் அடுப்பு பாஸ். அடுப்பைக் கவிழ்த்து அடித்தட்டில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். மலைக்குப் போன எல்லா அடுப்பின் அடியிலும் அந்தப் பொட்டு இருக்கிறது. வாங்கியவர்கள் யாரும் கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் போன மூன்றாவது வாரம் கையேட்டைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, பன்னெண்டாவது வரி. ‘அடுப்பு எரியும்போது சன்னலைத் திறந்து வைக்கவும்.’ சரியா?”

“அதான் எப்பவும் போடறது. போடு.”

“ஆனா யாரும் திறக்க மாட்டாங்கக்கா.”

“இன்னாத்துக்குத் தொறக்க மாட்டாங்க?”

“குளிருதுன்னுதானே அடுப்பே வாங்குறாங்க? நான் தங்கின ஊர்லல்லாம் சன்னல் இடுக்குல துணியத் திணிச்சு வைப்பாங்க. கதவுக்கு அடியிலயும்.”

வேம்புலியம்மாள் மிஷினை நிறுத்தினார். “துணியா? காத்தே வராத மாதிரியா?”

“ஆமா.”

அவர் திரும்பி, அடுப்புகளைச் சோதிக்கும் மேஜையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேஜை ஷட்டரை ஒட்டிக் கிடந்தது. காலை எட்டு மணிக்கு ஏறுகிற அந்த ஷட்டர் எல்லோரும் வீட்டுக்குப் போகும்போதுதான் இறங்கும். அந்தக் காற்று வராவிட்டால் உள்ளே மனிதர் நிற்க முடியாது.

“நம்ம அடுப்பு ஒண்ணுகூட மூடுன ரூம்புல எரிஞ்சதே இல்ல” என்றார் அவர்.

லேத்தில் நின்றிருந்த வெற்றிச்செல்வன் சிரித்தான். “இந்த வெயில்ல ஷட்டர இறக்கிட்டு அடுப்பு பத்த வெச்சா நாமதான்க்கா எரிவோம்.”

“நீ எரிஞ்சா இன்னா நைனா, என் டப்பால கொஞ்சம் சோறு மிச்சமாவும்” என்றார் வேம்புலியம்மாள். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே சாமான் போடுகிற சிறிய அறை இருக்கிறது. அதற்கு ஒரு குட்டி ஷட்டர், சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல். சிலிண்டரை வெளியே நிறுத்தி, கேஸ் குழாயை மட்டும் உள்ளே விட்டார். அடுப்புக்கு மேலே டம்ளரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். நான் என் பையிலிருந்த ஒரு கருவியைக் கொடுத்தேன். சோப்பு டப்பா அளவுதான். ஒரு மலை ஊரில் என்னோடு தங்கியிருந்த பெண் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து வாசனையில்லாத ஒரு விஷவாயு வரும். அது காற்றில் கூடினால் கருவி கத்தும். அது கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெளியே வந்து, வேம்புலியம்மாள் ஷட்டரை இறக்கினார். அடியில் வேஸ்ட் துணியைத் திணித்தார். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். வெற்றிச்செல்வன் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “பூஜை எப்பக்கா முடியும்?” என்று கேட்டான்.

இருபது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு நீலச் சுடர்களின் நுனி ஒவ்வொன்றாக மஞ்சளாகியது. நாக்குகள் நீண்டன. முப்பத்தோராவது நிமிடத்தில் கருவி கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் லாரி எடைமேடை வரைக்கும் கேட்டது. கேஸை நிறுத்தி, ஷட்டரை ஏற்றி, கெட்ட காற்றுப் போகும்வரை காத்திருந்து டம்ளரை எடுத்தோம். அடியில் பிறை மாதிரி கரி.

வெற்றிச்செல்வன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

“பன்னெண்டு” என்றார் வேம்புலியம்மாள்.

பன்னிரண்டு அடுப்புகள் போன வாரம்தான் கோத்தகிரிக்குப் போயிருந்தன. கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம். அறைக்கு ஒன்று. பன்னிரண்டின் அடியிலும் வெள்ளைப் பொட்டு.

டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக ரவிச்சந்திரனின் மேஜைக்குப் போனார். ரவிச்சந்திரன் கெட்டவர் இல்லை. ஆனால் முதலில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னார்.

“சன்னலத் திறந்து வைங்கன்னு எழுதிதானேம்மா குடுக்குறோம். எல்லாரும் அப்படித்தான் குடுக்குறாங்க.”

“எழுதறோம் சார். அவங்க அத்தப் படிச்சிகினேவா தூங்குவாங்க?”

ரவிச்சந்திரன் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, இல்லத்தைக் கூப்பிட்டார். சிஸ்டர் ஜாஸ்லின் எடுத்தார்.

“ரொம்ப நன்றிங்க. நல்லா சூடா இருக்கு. இங்க ஒரே மழை, பகல்லயே ரெண்டு ரூம்ல ஏத்தியாச்சு. நாலாம் நம்பர்ல இருக்கிற தாயம்மாதான் ரெண்டு நாளா காலையில தலைவலி தலைவலின்னு சொல்லிட்டு இருக்காங்க. குளிர்னால இருக்கும்.”

வேம்புலியம்மாள் போனை ரவிச்சந்திரன் கையிலிருந்து பிடுங்கினார்.

“சிஸ்டர், அந்த அடுப்ப அணைங்க. இப்பவே. சன்னலு, கதவு எல்லாம் தொறங்க. நான் லைன்லயே கீறேன். நீங்க போயி அணைச்சிட்டு வந்து சொல்லுங்க.”

மூன்று நிமிடம் இருக்கும். போனில் மழைச் சத்தம் மட்டும் வந்தது. வேம்புலியம்மாள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் நகத்தில் வெள்ளை பெயின்ட் காய்ந்திருந்தது.

“அணைச்சாச்சுங்க. ரெண்டையும் அணைச்சாச்சு. சன்னலும் திறந்தாச்சு. தாயம்மா என்னைத் திட்டுறாங்க, குளிர்ல சாகடிக்கப் பாக்குறியான்னு.”

“திட்டட்டும் சிஸ்டர். திட்றதுக்குத் தெம்பு கீதுல்ல, அது போதும். ஒரு டாக்டராண்ட காட்டிடுங்க” என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் சிஸ்டர் மறுபடியும் கூப்பிட்டார். டாக்டர் பார்த்துவிட்டார், பயமில்லை, இன்னும் இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றாராம்.

நான் தங்கியிருந்த மலை ஊரில் வீட்டுக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு நாளும் தூங்கப் போகும் முன் கதவைத் தட்டுவார், உள்ளே வருவார், நான் இறுக்கி மூடியிருந்த சன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துவிட்டுப் போவார். அவர் மொழி எனக்குத் தெரியாது. அவர் போனதும் எரிச்சலோடு எழுந்து மூடப் போவேன். சன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகியிருப்பார், அசைக்கவே முடியாது. நாற்பது நாள் அந்த அறையில் ஓர் அடுப்போடு தூங்கியிருக்கிறேன். அம்பத்தூரில் கரி பிடித்த ஒரு டம்ளரைப் பார்த்த பிறகுதான் அந்தக் கட்டை எனக்கு விளங்கியது. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

“பன்னெண்டையும் திருப்பி எடுத்துக்கலாம்” என்றார் ரவிச்சந்திரன் மறுநாள்.

“எடுத்துகினா அவங்க குளிருல கெடக்கணுமே சார். ஐப்பசி பொறந்தா இன்னும் மோசம்னு சிஸ்டர் சொல்றாங்க. அதுவரிக்கும் பகல்ல மட்டும், சன்னலத் தொறந்து வெச்சி ஏத்தச் சொல்லிகீறேன். எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க.”

“என்ன செய்யப் போறீங்க?”

“அந்தக் கண்ணாடி வழியா ஒண்ணு பாத்தேன்.”

அடுப்பில் பெரிய சுடர்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுடர் எரியும். முதலில் பற்றுவது அதுதான். அது ஒரு சென்சார் கம்பியை நக்கிக்கொண்டே இருக்கும். சின்னச் சுடர் அணைந்து கம்பி ஆறினால் கேஸ் தானாக மூடிக்கொள்ளும். சுடர் அவிந்து கேஸ் மட்டும் கசியாமல் இருக்க வைத்த ஏற்பாடு அது. வேம்புலியம்மாள் பார்த்தது வேறு. அறையில் காற்றுக் கெடத் தொடங்கியதும், பெரிய சுடர்கள் மஞ்சளாவதற்கு முன்பே, அந்தச் சின்னச் சுடர் தன் துளையை விட்டு ஒரு நெல்லளவு எழும்பி நின்றிருக்கிறது.

“மூச்சு முட்டறது அதுக்குத்தான் மொதல்ல தெரியுது” என்றார். “அது எகிறும்போது கம்பிய உட்டும் எகிறணும். அப்ப கம்பி ஆறிடும், கேஸு மூடிக்கும். அவ்ளோதான சார்?”

அவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒன்பது நாள் ஆனது. முதலில் பெரிய பர்னருக்குக் கேஸ் விடும் ஜெட்டைச் சிறிதாக்கி, தலையில் துளைகளை நெருக்கமாக, மெல்லியதாகப் போட்டார். சுடர் குட்டையாகி, குறைந்த காற்றிலும் நீலமாக நின்றது. பிறகு சின்னச் சுடர். வெற்றிச்செல்வன் சுண்டுவிரல் நுனி அளவுக்குப் பித்தளைத் தலைகள் கடைந்து கொடுத்துக்கொண்டே இருந்தான். துளை பெரிதானால் கடைசிவரை எழும்பாது. சிறிதானால் எடுத்தவுடனே எழும்பி அடுப்பை அணைத்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஷட்டரை இறக்க வேண்டும், துணி திணிக்க வேண்டும், கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நெற்றியில் சன்னல் சட்டத்தின் தடம் பதிந்துவிட்டது.

ஒன்பதாவது நாள், பத்தொன்பதாவது நிமிடத்தில், சுடர் எழும்பியது. டக் என்று ஒரு சத்தம். அடுப்பு அணைந்தது. கருவி வாயைத் திறக்கவில்லை. டம்ளர் பளபளவென்று இருந்தது. ரவிச்சந்திரன் அந்த அடுப்பை ஒரு சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார், அவர்களும் சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகளின் அடுப்பில் இப்படி ஓர் ஏற்பாடு பல வருஷமாக உண்டு என்று நான் பிறகு தேடிப் படித்து அவரிடம் சொன்னேன். “அப்பிடியா?” என்று முகம் மலர்ந்தார். “அப்ப நாம போன ரோடு சரிதான்.”

கோத்தகிரியில் இருந்த பன்னிரண்டிலும் மாற்றிப் பொருத்தத் தானே போக வேண்டும் என்றார் வேம்புலியம்மாள். நானும் கிளம்பினேன். சென்ட்ரலில் கொண்டுவிட வந்த கணவர், “குளிரு அடுப்பு செய்றவளுக்குக் குளிருன்னா இன்னான்னு காட்ட இஸ்துகினு போறாங்கோ” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார். மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ் ஏறினோம். ஐந்தாவது வளைவில் வேம்புலியம்மாள் சன்னலை மூடினார். பத்தாவது வளைவில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார்.

தாயம்மாவின் நான்காம் நம்பர் அறையிலிருந்து ஆரம்பித்தோம். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. சோதனை முடியும்வரை அறையில் யாரும் இருக்கக் கூடாது என்று வேம்புலியம்மாள் சொன்னதும், கம்பளியைச் சுற்றிக்கொண்டு வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “மெட்ராஸ்லேருந்து வந்து என் ரூம்ப விட்டு என்னையே துரத்துறீங்களா?”

புதிய பர்னரைப் பொருத்தி, சன்னலைத் திறந்து வைத்தே பற்றவைத்தோம். நான்கு நிமிடத்தில் அணைந்துவிட்டது. மறுபடியும் பற்றவைத்தோம். மறுபடியும் நான்கு நிமிடம்.

“பாத்தியா” என்றார் தாயம்மா.

வேம்புலியம்மாள் அடுப்பின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டார். பஸ்ஸிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மேடேறியபோது அவருக்கே மூச்சு வாங்கியிருந்தது. “இங்க காத்தே லேசா கீது” என்றார். “கீழ சரியா கீறது மேல சரியா வராதுன்னு ஒரு டவுட்டு இருந்திச்சி.”

பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு குழி வைத்த டப்பா, கணவருடைய சர்க்கரை மாத்திரைக்கு வாங்கியது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பித்தளைத் தலை. ஞாயிறிலிருந்து சனிக்குப் போகப் போக, துளை ஒரு மயிரிழை பெரிதாகிக்கொண்டே போனது.

ஞாயிறு ஏழு நிமிடம் எரிந்தது. திங்கள் பதினைந்து. செவ்வாய் அரை மணி நேரத்தில் அணைந்தது. புதன், திறந்த சன்னலோடு, ஒரு மணி நேரம் தாண்டியும் அசையாமல் எரிந்தது.

“இப்ப மூடு” என்றார்.

கருவியைச் சுவரில் மாட்டினோம். சன்னலை மூடி, இடுக்குகளில் நிஜமாகவே துணியைத் திணித்து, கதவைச் சாத்திவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய் சன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டிருந்தது, மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வேம்புலியம்மாளுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. இருபத்து நான்கு வருஷமாகக் குளிருக்கு அடுப்பு செய்கிறவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எரியும் தன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் விறைத்து நின்றார். சிஸ்டர் ஜாஸ்லின் ஒரு சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். அதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டாவது நிமிடம் சின்னச் சுடர் எழும்பியது. டக். அறை இருண்டது. சுவரில் கருவியின் பச்சை விளக்கு மட்டும் அமைதியாக மினுக்கியது.

வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்த தாயம்மாவின் குரல் வந்தது. “அணைஞ்சிடுச்சு! நான் அப்பவே சொல்லல? மறுபடியும் அணைஞ்சிடுச்சு!”

“ஆமாம்மா, அணைஞ்சிடுச்சி!” என்று பற்கள் தந்தியடிக்க வேம்புலியம்மாள் கத்தினார். சிரித்தார். சால்வையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். “தானா அணைஞ்சிடுச்சிம்மா!”

“அதுல என்ன சந்தோஷம் உனக்கு?” என்று கேட்டுவிட்டு தாயம்மா சிஸ்டரைப் பார்த்தார்.

வேம்புலியம்மாள் துளையிடாத பித்தளைத் தலைகளையும் கையால் சுழற்றும் துளைக் கருவியையும் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு அறை மேஜையில் உட்கார்ந்து மற்ற பதினொன்றுக்கும் புதன் அளவில் துளை போட்டார். இரண்டு நாள் ஆனது. ஒவ்வோர் அறையையும் மூடி, வெளியே நின்று, அணையும்வரை பார்த்தார். ஒவ்வொன்றும் அணைந்ததும் சன்னலைத் திறந்து, காற்று மாறிய பிறகு, அடுப்பைக் கவிழ்த்துப் பழைய பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் பொட்டு வைத்தார். கிளம்பும் நாள் காலையில் தாயம்மா அவரைக் கூப்பிட்டு அறையில் உட்காரவைத்து, சன்னலைத் தானே இரண்டு விரல் அளவு திறந்துவிட்டு, அடுப்பை ஏற்றினார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். தான் செய்த அடுப்பில் வேம்புலியம்மாள் குளிர்காய்ந்தது அதுதான் முதல் தடவை. “சொகமாத்தான் கீது” என்றார்.

ஒரு மாதத்து வேலைக்குப் போனவள் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பின்பக்க அறை இப்போது சோதனை அறை. ஷட்டரை இறக்காமல் எந்த அடுப்புக்கும் பொட்டு வைப்பதில்லை. முன்பு விற்ற அடுப்புகளுக்கும் ஒவ்வொன்றாகப் புது பர்னர் போய்க்கொண்டிருக்கிறது. கையேட்டில் பன்னிரண்டாவது இடத்தில் இருந்த வரி முதல் இடத்துக்கு வந்துவிட்டது. வேம்புலியம்மாள் மிஷின் பக்கம் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதியது:

“அடுப்பு தானாக அணைந்தால் அடுப்பைத் திட்டாதீர்கள். எழுந்து போய் சன்னலைத் திறங்கள்.”